லண்டன் டி.ஆர்.பி.எச்.சா, நோவாரா பி.எச்.டி.யா?

உலக சுகாதாரம், மனிதநேய மருத்துவம் (போரிலும் பேரிடரிலும் சிக்கியவர்களுக்கான மருத்துவம்) இவற்றில் முனைவர் பட்டம் என்று இறங்கும் மருத்துவர்கள் பலர், லண்டன் தரும் டி.ஆர்.பி.எச். (பொதுச் சுகாதார முனைவர் பட்டம்), இத்தாலியின் நோவாரா நகரம் தரும் பி.எச்.டி. என்ற இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

என்ன படிப்பு?
நோவாரா: இத்தாலியின் பீமொந்தே ஓரியந்தாலே பல்கலைக்கழகம். பேரிடர் மருத்துவத்துக்கே தனி ஆய்வு மையம் வைத்திருக்கிறது.
லண்டன்: 1899இல் தொடங்கிய சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளி. டி.ஆர்.பி.எச். என்பது ஆராய்ச்சியோடு நிர்வாகத்துக்கும் ஆள் தயாரிக்கும் பட்டம்.

பணம்?
நோவாரா: ஆண்டுதோறும் போட்டித் தேர்வு. உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் கவலையில்லை. 2022 முதல் இத்தாலியில் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 16,243 யூரோ, அதுவும் பிடித்தம் போகத்தான் கைக்கு வரும்.
லண்டன்: வெளிநாட்டவர் கட்டணம் கண்ணைக் கட்டும். நிறுவனம் அனுப்பினால் சரி, கடன் வாங்கிப் போக நான் சொல்ல மாட்டேன்.

வேலை எப்படி?
நோவாரா: மூன்றாண்டும் ஆய்வுதான். அகதி முகாமில் தரவு எடுக்க இரண்டு நாட்டு நெறிமுறைக் குழுக்களின் அனுமதி தேவைப்படலாம். அது வருவதற்குள் சண்டை மூண்டு சாலை அடைபட்டால் ஆய்வுக் கேள்வியையே மாற்ற வேண்டிவரும். கையில் மாற்றுத் திட்டம் இல்லாமல் போகாதீர்கள்.
லண்டன்: முதலில் வகுப்பு. பிறகு ஒரு நிறுவனத்துக்குள் உட்கார்ந்து, அங்கே முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று எழுத வேண்டும். யார் பேச்சு எடுபடுகிறது, எந்தக் கோப்பு நகராமல் கிடக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அப்புறம்தான் ஆய்வேடு.

பேராசிரியர், ஆய்வாளர் ஆக வேண்டுமா, நோவாரா. அமைச்சகத்திலோ தொண்டு நிறுவனத்திலோ திட்டம் நடத்த வேண்டுமா, செலவை வேறு யாராவது ஏற்றால் லண்டன்.