இலவச ஃபைபர் பெட்டியும் ரீசெட் பொத்தானும்

ஃபைபர் இணைப்போடு இலவசமாக வரும் ஓஎன்டி பெட்டி (ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றுவது) போதுமா, தனி ரௌட்டர் வாங்கணுமா என்று கேட்பவர்களுக்காக இது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்னை மே மாத வெயிலிலும் ஹேங் ஆகாமல் ஓடுகிறது. உயிரை வாங்குவது அதன் ரீசெட் பொத்தான்.

மழைநீர் வடிகாலுக்குத் தெருவைத் தோண்டினால் ஃபைபர் அறுந்துபோகும். சரிசெய்ய வருபவர் ஒட்டுவேலை முடிந்த கையோடு பெட்டியின் பொத்தானைக் குண்டூசியால் அழுத்திப் பிடிக்கிறார். லைன் வந்துவிடும், போட்டுவைத்த பாதுகாப்பெல்லாம் போய்விடும். அணைத்து வைத்த டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு பின் எண்ணாலேயே வைஃபையில் சேர விடும் வசதி) திரும்ப வந்திருக்கும். செட்டிங் பக்கத்தின் பாஸ்வேர்டு பழைய ‘அட்மின்’ ஆகியிருக்கும். வைஃபைக்கு அவரே ஒரு பாஸ்வேர்டு போட்டுத் தருவார், பெரும்பாலும் உங்கள் மொபைல் எண்ணையே.

இதுதான் எரிச்சலின் உச்சம். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேரிடமும் அந்த எண் இருக்கிறது. இல்லாதவனுக்கும் கஷ்டமில்லை. நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்றுதான் தொடங்கும். கூட்டிப் பார்த்தாலும் 400 கோடிதான். டபிள்யூபிஏ2 என்ற பழைய பூட்டு போட்ட வைஃபையில் ஒரு போன் சேரும் நொடியைப் பதிவு செய்துகொண்டு போனால், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு சில மணி நேரத்தில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். டபிள்யூபிஎஸ் பின் இதைவிட மோசம். எட்டு இலக்கம் என்று பேர்தான். அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறார்கள், கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடுவது, ஆக 11,000 முயற்சிக்குள் விழுந்துவிடும். 2011இலேயே அம்பலமான ஓட்டை.

பெட்டியை பிரிட்ஜ் மோடில் (லைனைக் கடத்துவது மட்டும் அதன் வேலை, மற்றதெல்லாம் சொந்த ரௌட்டருக்கு) போடு என்பார்கள். ரீசெட்டில் அதுவும்தான் போகும். சில இணைப்புகளில் லேண்ட்லைனும் ஊமையாகும். ரௌட்டர் மோடிலேயே விட்டு, பெட்டியின் லேன் 1இலிருந்து சொந்த ரௌட்டரின் வான் (WAN, நெட் உள்ளே வரும்) போர்ட்டுக்கு ஒரு கேபிள் போடுங்கள். சொந்த ரௌட்டரின் முகவரியை 192.168.10.1 என்று மாற்றுங்கள், இரண்டும் 192.168.1.1 என்று நின்றால் நெட் வராது. பிறகு பெட்டியின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டையும் அணைத்துவிடுங்கள். இனி அவர்கள் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் வீட்டு வைஃபை அசையாது. இரட்டை நாட் (NAT, முகவரி மாற்றும் வேலையைப் பெட்டியும் ரௌட்டரும் அடுத்தடுத்துச் செய்வது) வருவதால், வெளியிலிருந்து சிசிடிவி பார்க்க ரௌட்டரில் போர்ட் என்ற நுழைவழியைத் திறப்பவர்களுக்குத்தான் தொல்லை. அந்தப் போர்ட்டைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

சொந்த ரௌட்டரின் முதன்மை வைஃபைக்கு டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டு மட்டும். ஸ்மார்ட் பல்பு போன்றவை பெரும்பாலும் அதில் சேராது. அவற்றுக்காக இரண்டு பூட்டையும் ஏற்கும் கலப்பு மோட் போட்டால் டபிள்யூபிஏ2வின் ஓட்டையும் கூடவே வரும். கெஸ்ட் நெட்வொர்க்கை (விருந்தினருக்கான தனி வைஃபை) டபிள்யூபிஏ2வில் போட்டு அவற்றை அங்கே தள்ளுங்கள். பழைய பிரிண்டரை மட்டும் கெஸ்ட்டில் போடாமல் கேபிளில் செருகுங்கள், இல்லையென்றால் போனிலிருந்து பிரிண்ட் போகாது. மேக் ஃபில்டர் (பதிந்துவைத்த சாதனங்களை மட்டும் உள்ளே விடுவது), வைஃபை பெயரை மறைப்பது இரண்டும் வெட்டி வேலை.

இவ்வளவு திட்டியும் பெட்டிக்கு ஐந்தில் நாலு தருவேன், மாற்றவும் மாட்டேன். அதன் வைஃபைக்கு மட்டும் பூஜ்யம். ரீசெட்டில் அது மறுபடி உயிர்பெற்றிருக்கும். வந்தவர் படியிறங்குவதற்குள் போனில் வைஃபை பட்டியலைப் பாருங்கள். பெட்டியின் பெயர் தெரிந்தால் உடனே அணையுங்கள்.