ரஃபேல்: தரைக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று

குட்டீஸ், பிரான்ஸின் ரஃபேல் போர் விமானத்தில் விமானப்படைக்குத் தனி வகை, கடற்படைக்குத் தனி வகை உண்டு. முக்கோண இறக்கை, இரண்டு எஞ்சின், ஒலியைப்போல் 1.8 மடங்கு வேகம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். வானத்தில் பார்த்தால் அடையாளம் சொல்வது கஷ்டம்.

விமானப்படை ரஃபேலுக்கு நீண்ட ஓடுபாதை இருக்கிறது. நிதானமாக ஓடி நிற்கலாம். கடற்படையின் ரஃபேல் எம் இறங்குவதோ சார்ல் து கோல் கப்பலில். கப்பலின் மொத்த நீளமே 261 மீட்டர்தான், அதுவும் அலையில் ஆடும்! வால் பக்கமுள்ள வலுவான கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடத்தைப் பிடித்ததும் விமானம் சட்டென்று நிற்கும். பிடி தவறினால்? அதற்காகத்தான் சக்கரம் தளத்தைத் தொட்டதுமே விமானி எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளுகிறார். வடம் சிக்கவில்லையென்றால் அப்படியே மேலே எழும்பிவிடலாம்.

கிளம்பும்போது, கவண் கல்லை வீசுவதுபோல நீராவிப் பொறி விமானத்தை இழுத்து எறியும். அதைத் தாங்க முன்சக்கரக் கால் உறுதியாக இருக்க வேண்டும். அதனால் எடையும் சில நூறு கிலோ கூடுதல்.

சரி, எது கெட்டிக்கார விமானம்? என்னைக் கேட்டால் எம்தான். ஆனால் அதில் விமானி தனியாள். இரண்டு பேர் உட்காரும் ரஃபேல் விமானப்படையிடம்தான் இருக்கிறது.