வீரருக்கு எந்த வாசல்: நியமன நாற்காலியா, தேர்தல் வெயிலா?

2017 டிசம்பர் 21. மாநிலங்களவையில் சச்சின் டெண்டுல்கர் எழுந்து நிற்கிறார். உறுப்பினராகி ஐந்தரை வருஷம் ஆகியிருந்தது. விவாதம் ஒன்றைத் தொடங்கிவைக்க அவர் எழுந்தது அன்றுதான் முதல் தடவை. விளையாடும் உரிமை பற்றிய பேச்சு. மன்மோகன் சிங் பற்றி மோடி சொன்னதற்கு விளக்கம் கேட்டுக் காங்கிரஸ்காரர்கள் ஒரே கூச்சல். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பேச முடியவில்லை. மறுநாள் அதே பேச்சை வீடியோவாக்கி ஃபேஸ்புக்கில் போட்டார்.

"ஷார்ஜாவுல புழுதிப் புயலுக்கே அசராதவன்டா, சத்தத்துக்கு உட்கார்ந்துட்டானே" என்றார் என் மாமா. அவருக்கு 1998இலிருந்து வேறு சாமி கிடையாது. எனக்கோ சந்தேகமெல்லாம் அந்த நாற்காலி மேல்.

விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அரசியலுக்கு வரலாமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், யார் வேண்டுமானாலும் வரலாம், ஜனநாயகம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எந்த வாசல் வழியாக வருகிறார், வரும்போது உண்மையிலேயே ஓய்வு பெற்றுவிட்டாரா, இந்த இரண்டையும் கேட்டால்தான் பேச்சு சூடுபிடிக்கும்.

முதலில் நியமன வாசல். அரசியல் சட்டத்தின் 80ஆவது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் 12 பேரை மாநிலங்களவைக்கு நியமிக்கலாம். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்று நான்கு துறைகளைச் சொல்கிறது சட்டம். விளையாட்டு என்ற சொல்லே அங்கே கிடையாது. அதைச் சுட்டிக்காட்டி டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குகூடப் போட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2012 ஜூனில் பதவியேற்றபோது சச்சின் ஓய்வும் பெற்றிருக்கவில்லை. கடைசி டெஸ்ட் 2013 நவம்பரில்தான். ஆறு வருஷத்தில் அவருடைய வருகைப்பதிவு பத்து சதவீதத்தைத் தொடவில்லை. நல்லதும் செய்தார். நெல்லூர் மாவட்டத்துப் புட்டம்ராஜு கண்ட்ரிகாவைத் தத்தெடுத்து அடிப்படை வசதி செய்துகொடுத்தார். எம்.பி. சம்பளத்தைப் பிரதமர் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் வராத நாட்களுக்கு அவரை யார் கேட்பது? தொகுதி கிடையாது, வாசலில் வந்து திட்டுவதற்கு ஓட்டு போட்டவர் கிடையாது.

இந்த நாற்காலியின் கோளாறு சச்சினைவிடப் பி.டி. உஷா விஷயத்தில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு பெண்கள், இரண்டு வாசல்கள்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தைக் கோட்டைவிட்டவர் உஷா. 2022 ஜூலையில் அவரை மாநிலங்களவைக்கு நியமித்தார்கள். அதே டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரானார். ஓடி ஓடிச் சலித்தவர், சங்கங்களின் லட்சணம் அடிவரை தெரிந்தவர். இவரைவிடப் பொருத்தமான ஆள் யார் என்றுதான் நானும் நினைத்தேன். ஐந்து மாசம் போகவில்லை. 2023 ஏப்ரலில் மல்யுத்த வீராங்கனைகள், மல்யுத்த சம்மேளனத் தலைவர் மீது பாலியல் புகார் சொல்லி ஜந்தர் மந்தர் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். அந்தத் தலைவர் ஆளுங்கட்சி எம்.பி. தெருவுக்கு வந்தது ஒழுங்கீனம் என்ற தொனியில் பேசி உஷா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் நேரில் போய்ப் பார்த்துப் பேசினார். அவர் மனசில் என்ன இருந்ததோ தெரியாது. ஆனால் உட்கார்ந்திருக்கும் இடம் நாக்கைக் கட்டிப்போடும். ஓட்டு போட்டு அனுப்பியவர்கள் என்று ஒரு கூட்டம் பின்னால் இருந்திருந்தால், மேலிடத்தின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் முகத்தைப் பார்த்திருப்பார்.

அன்று நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் வினேஷ் போகாட். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 கிலோ பிரிவில் இறுதிச்சுற்றுக்குப் போய், அன்று காலை எடை பார்த்தபோது 100 கிராம் கூடிப்போனதால் வெளியே தள்ளப்பட்டார். நூறில் ஒரு பங்கு நொடியும் 100 கிராமும்! ஓய்வை அறிவித்தார். அடுத்த மாசம் காங்கிரசில் சேர்ந்தார். அக்டோபரில் ஹரியானாவின் ஜுலானா தொகுதியில் 6,015 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜுலானா அவர் புகுந்த ஊர்ப் பக்கம். மருமகளாகத்தான் ஓட்டு கேட்டார்.

அனுதாப அலை என்று தள்ளிவிடுவது சுலபம். அலை என்றால் வித்தியாசம் ஆறாயிரத்தோடா நிற்கும்? அவர் கட்சி அந்தத் தேர்தலில் ஆட்சியையும் பிடிக்கவில்லை. பதக்கத்தை மட்டும் காட்டினால் ஹரியானாக்காரர்கள் ஓட்டு போட்டுவிட மாட்டார்கள். வினேஷின் அக்கா முறையான மல்யுத்த வீராங்கனை பபிதா 2019இல் சொந்த மண்ணான தாத்ரியிலேயே தோற்றார். லண்டனில் வெண்கலம் வாங்கிய யோகேஷ்வர் தத் ஹரியானாவின் பரோடா தொகுதியில் ஒரு தடவை தோற்று, அடுத்த வருஷம் இடைத்தேர்தலில் மறுபடி தோற்றார். மண்ணைக் கவ்வ வைக்கும் இந்த வாய்ப்புதான் தேர்தல் வாசலின் பெருமை. நியமன நாற்காலியில் அது கிடையாது.

சரி, தேர்தலில் நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. பெரிய கட்சி சீட் கொடுத்து ஏதோ ஓர் ஊரில் இறக்கிவிடும் வேட்பாளரைப் பாருங்கள். அசாருதீன் ஹைதராபாத்காரர். 2009இல் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் ஜெயித்தார். 2014இல் ராஜஸ்தானின் டோங்க்-சவாய் மாதோபூருக்குப் போய்த் தோற்றார். 2023இல்தான் சொந்த ஊரின் ஜூபிலி ஹில்ஸில் நின்றார், அங்கேயும் தோல்வி. டெஸ்ட் தொடருக்கு ஊர் ஊராகப் போவதுபோல இது. மொராதாபாத்காரர் தன் எம்.பி.யை அடுத்த தேர்தலில் தண்டிக்கவோ பாராட்டவோ நினைத்தால் ஆள் வேறு மாநிலத்தில் ஓட்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கௌதம் கம்பீரை இந்தக் குறை சொல்ல முடியாது, அவர் டெல்லிப் பையன். 2019இல் கிழக்கு டெல்லியில் மூன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல் வித்தியாசம். ஒரு ரூபாய்க்குச் சாப்பாடு போடும் உணவகம்கூடத் திறந்தார். ஆனால் அந்த நவம்பரில் டெல்லி புகைமண்டிக் கிடந்தபோது, காற்று மாசு பற்றிப் பேச நாடாளுமன்றக் குழு கூடிய நாளில், அவர் இந்தூரில் கிரிக்கெட் வர்ணனையில் இருந்தார். லட்சுமணோடு ஜிலேபி சாப்பிடும் படம் வெளியே வந்தது. 'காணவில்லை' என்று டெல்லியில் சுவரொட்டி ஒட்டினார்கள். 2024 மார்ச்சில் அரசியல் பொறுப்பிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கட்சியைக் கேட்டுக்கொண்டார், ஜூலையில் இந்திய அணியின் பயிற்சியாளர். அந்த வேலைக்கு அவர் சரியான ஆள்தான். முதலிலேயே அது புரிந்திருந்தால் கிழக்கு டெல்லிக்கு ஐந்து வருஷம் மிச்சம்.

ஜிலேபிக்கு ஜோடி டீ. குஜராத்தின் பரோடாக்காரரான கிரிக்கெட் வீரர் யூசுப் பதான் 2024இல் மேற்கு வங்கத்தின் பஹரம்பூரில், 1999இலிருந்து அசைக்க முடியாமல் இருந்த அதிர் ரஞ்சன் சௌத்ரியைத் தோற்கடித்தார். 2025 ஏப்ரலில் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் கலவரம் மூண்ட நாட்களில் இன்ஸ்டாகிராமில் டீ குடிக்கும் படம் போட்டு மாட்டிக்கொண்டார். நியாயமாகச் சொன்னால், கலவரம் பெரிதாக நடந்த இடங்கள் அவருடைய தொகுதிக்குள் வரவில்லை. இருந்தாலும் பஹரம்பூர் அந்த மாவட்டத்தின் தலைநகரம். அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு அன்று டீ தொண்டையில் இறங்கியிருக்காது.

இலங்கையில் இதற்கு இன்னும் நல்ல ஜோடி உண்டு. சனத் ஜயசூரியா 2010இல் மாத்தறை மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். 2011 ஜூனில் இங்கிலாந்தில் இலங்கை அணிக்காகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார், எம்.பி.யாக இருந்துகொண்டே! அந்தத் தேர்வில் அரசியல் விளையாடியது என்று ஊரே பேசியது. அப்புறம் தேர்வுக் குழுத் தலைவர், பிரதி அமைச்சர். 2015இல் போட்டியிடாமல் ஒதுங்கிவிட்டார். அர்ஜுன ரணதுங்க வேறு மாதிரி. மட்டையை வைத்துவிட்டுத்தான் 2001இல் வந்தார், அடிபட்டு அடிபட்டு அமைச்சரானார். 2018 அக்டோபர் அரசியல் குழப்பத்தில், பெட்ரோலியக் கூட்டுத்தாபன அலுவலகத்தில் அவரைக் கூட்டம் சூழ்ந்துகொள்ள, மெய்க்காவலர் சுட்டு உயிர் போனது. தலைக்கவசம் மாட்டி, அதிரடிப்படைச் சீருடை போட்டு அவரை வெளியே கொண்டுவந்தார்கள். உலகக் கோப்பையைத் தூக்கிய முகம் அந்தத் தலைக்கவசத்துக்குள் எப்படி வெளிறியிருந்தது என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். குமார் சங்கக்காரவை அதே 2018இல் ஜனாதிபதி வேட்பாளர் என்று ஊதிவிட்டபோது, அரசியல் ஆசை எனக்குக் கிடையாது என்று அறிக்கை விட்டு ஒதுங்கியது சும்மாவா?

சொந்தக் கட்சி கட்டுவது நெடும் பாதை. 1996இல் கட்சி தொடங்கிய இம்ரான் கானுக்கு 1997இல் ஓர் இடமும் கிடைக்கவில்லை. 2002இல் மியான்வாலியில் அவர் ஒருவர் மட்டும். பிரதமரானது 2018இல். 22 வருஷம்! பிறகு நடந்ததில் ராணுவத்தின் பங்கு, அவருடைய பிடிவாதத்தின் பங்கு என்று விடிய விடியப் பேசலாம். 2023 ஆகஸ்டிலிருந்து சிறை. 2024 தேர்தலில் கட்சியின் கிரிக்கெட் மட்டைச் சின்னம்கூடப் பறிபோனது. ஆனாலும் அவர் ஆட்கள் சுயேச்சைகளாக நின்று ஆளுக்கொரு சின்னத்தில் ஜெயித்தார்கள். புகழால் மட்டும் வராத பலம் இது, கிளை கிளையாகக் கட்டியதால் வந்தது. நம்மூரில் நடிகர்களுக்கு வாய்த்து ஆட்டக்காரர்களுக்கு வாய்க்காததும் இதுதான் என்று நினைக்கிறேன். எம்.ஜி.ஆருக்குத் தெருவுக்குத் தெரு மன்றம் இருந்தது, செயலாளர் இருந்தார், கொடிக்கம்பம் இருந்தது. சேப்பாக்கத்தில் விசிலடிக்கிற கூட்டம் ஆட்டம் முடிந்ததும் பஸ் பிடிக்கப் போய்விடுகிறது. சிக்கிமில் கால்பந்து வீரர் பாய்ச்சுங் பூட்டியாவை விடப் பெரிய நட்சத்திரம் கிடையாது. சொந்தக் கட்சி கட்டியும் பார்த்தார், இன்னொரு கட்சியில் சேர்ந்தும் பார்த்தார், 2024 தோல்விக்குப் பிறகு போதும் என்று கும்பிடு போட்டுவிட்டார்.

எல்லோரிலும் எனக்குப் பிடித்தவர் லைபீரியாவின் கால்பந்து நட்சத்திரம் ஜார்ஜ் வேயா. 2005 ஜனாதிபதித் தேர்தலில் முதல் சுற்றில் முந்தி, இரண்டாவதில் எலன் ஜான்சன் சர்லீஃபிடம் தோற்றார். படிக்காதவர் என்ற ஏளனம் அப்போது பலமாக இருந்தது. கோபித்துக்கொள்ளாமல் போய்ப் படித்துப் பட்டம் வாங்கினார். 2011இல் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்று மறுபடி தோல்வி, 2014இல் செனட்டர், 2017இல் ஜெயித்து ஜனாதிபதி. ஆட்சி ஓஹோ என்று இருக்கவில்லை, ஊழல் புகார்கள் குவிந்தன. ஜனாதிபதியாக இருக்கும்போதே, 2018 செப்டம்பரில், 51 வயதில், நைஜீரியாவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் 14ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கியதும் உண்டு. ரசிகனாகக் கைதட்டலாம், குடிமகனாக இருந்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் 2023இல் ஜோசப் போவாக்காயிடம் மயிரிழையில் தோற்றபோது, முழு முடிவும் வரும் முன்பே ஒப்புக்கொண்டு வாழ்த்திவிட்டு விலகினார். அந்தப் பிராந்தியத்தில் அது சாதாரணக் காரியமா?

எனவே என் கணக்கில் நியமன நாற்காலி கடைசி. வெளியூரில் இறக்கிவிட்ட சீட் அதற்கு ஒரு படி மேல். சொந்த மண்ணில் நின்று, தோற்கவும் தயாராக வருபவருக்குத்தான் என் ஓட்டு. வர்ணனை ஒப்பந்தமும் பயிற்சியாளர் ஒப்பந்தமும் கையில் இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுவிடுவேன்.

அந்தக் கேள்வியை இப்போது வினேஷிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. 2025 டிசம்பரில் ஓய்வை விலக்கிக்கொண்டு மறுபடி மல்யுத்த மேடைக்கு வருவதாக அறிவித்தார். குறி, 2028 ஒலிம்பிக். நடக்கப்போவது லாஸ் ஏஞ்சல்ஸில், உஷா நூறில் ஒரு பங்கு நொடியைத் தவறவிட்ட அதே ஊரில். மாமாவுக்கு ஒரே குஷி. ஜுலானாவில் அடுத்த தேர்தல் 2029இல்.