மாமல்லபுரம் முதல் கோடிக்கரை வரை: கடலோரச் சாலையில் நான்கு நாள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் புதுச்சேரியோடு முடித்துக்கொள்கிறார்கள். சாப்பாடும் சரித்திரமும் கனக்கத் தொடங்குவது அதற்குத் தெற்கேதான். கோடிக்கரை வரை போக நான்கு பகல் வேண்டும். திங்கட்கிழமை காலை கிளம்புவது நல்லது. வார இறுதி நெரிசல் இருக்காது. புதன்கிழமை தரங்கம்பாடியில் இருக்கலாம். அங்குள்ள கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் இந்தக் கணக்கு.

முதலில் வண்டி. ஓட்டுநருடன் வரும் வாடகைக் காருக்குப் பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கிலோமீட்டர் என்று கணக்கு போடுவார்கள். இந்தப் பயணத்தில் பல நாள் 100 கிலோமீட்டர்கூட ஓடாது. ஓடாத தூரத்துக்கும் பணம் போகும். அதனால் கிலோமீட்டர் விலையை விட்டுவிட்டு நாள் வாடகை, டீசல், ஓட்டுநர் பேட்டா (தினப்படி) என்று பிரித்துப் பேசுங்கள். வண்டி தன் கொட்டகையை விட்டுக் கிளம்பித் திரும்பும் வரையிலான 'ஷெட் டு ஷெட்' கணக்கா, ஏறும் இடத்திலிருந்து கணக்கா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டினால் அடுத்த நாள் வாடகை ஏறும். வழியில் புதுச்சேரி, காரைக்கால் என்று இரண்டு முறை ஒன்றியப் பிரதேசத்துக்குள் நுழைகிறோம். வண்டிக்கு அனைத்திந்தியப் பெர்மிட் இல்லாவிட்டால் அந்த வரி யார் தலையில் விழும் என்பதையும் முன்பே கேட்க வேண்டும். பேச்சில் விடுபடுவதும், கடைசி நாள் பில்லில் வந்து நிற்பதும் பெரும்பாலும் இதுதான்.

தானே ஓட்ட நினைப்பவர்கள் 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படியான சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வசிக்கும் நாட்டிலேயே எடுத்து வர வேண்டும். ஊர் வந்தபின் எடுக்க முடியாது. சுயமாக ஓட்டத் தரும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டியை யாராவது வாடகைக்குத் தந்தால் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

பணத்துக்கு வருவோம். டீக்கடை வரை கைப்பேசியில் பணம் செலுத்தும் யுபிஐ ஓடுகிறது. வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், கனடா போன்ற நாடுகளின் கைப்பேசி எண்ணிலேயே அதை இயக்கலாம். இந்திய வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் ரொக்கத்தை நம்புவதே மேல். 100, 50 ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள்; படகுக்காரரிடமும் மீன் வறுக்கும் கடையிலும் 500 ரூபாய்க்குச் சில்லறை கிடைக்காது. சுங்கச்சாவடிகளுக்கு ஃபாஸ்டேக்கில் (வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் மின்னணு அட்டையில்) பணம் இருக்கிறதா என்று கிளம்பும்போதே ஓட்டுநரிடம் கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் அது இல்லாமல் ரொக்கம் நீட்டினால் கட்டணம் இரட்டிப்பு.

மாமல்லபுரம் நுழைவுச்சீட்டு இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவருக்கும், இலங்கை உள்ளிட்ட சார்க் நாடுகளின் கடவுச்சீட்டு உள்ளவருக்கும் இந்தியர் கட்டணம்தான். அட்டை கையில் இருக்க வேண்டும். கைப்பேசிப் படத்தைக் காட்டினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். ஒரே சீட்டில் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்; பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும்.

அங்கிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையும் செதுக்குவேலை மிகுந்த கல்லறைகளும் இருக்கின்றன. பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் என்பதால் அந்தத் திசையில் கேமராவைத் திருப்ப வேண்டாம். கடப்பாக்கத்தில் இடதுபுறம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து 1760இல் ஆங்கிலேயர் இடித்த செங்கல் சுவர்கள் கழிமுகத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. மாலை நான்குக்கு மேல் போனால் வெயில் தணிந்து, செங்கல் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். இந்தக் கரையில் தவறவிடக்கூடாத இடம் இதுவென்பேன். அடுத்து மரக்காணத்து உப்பளங்கள்.

புதுச்சேரியில் ஒரு இரவு போதும். பெட்ரோலும் டீசலும் தமிழ்நாட்டைவிட விலை குறைவு. தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள், காரைக்காலிலும் அப்படியே. மது பாட்டிலை மட்டும் வண்டியில் ஏற்றாதீர்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் பிடிபட்டால் பயணம் காவல் நிலையத்தில் நின்றுவிடும். ஊருக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்தார். இன்று கண்ணுக்குத் தெரிவது குறைவு. வரலாறு தெரிந்து போனால்தான் மனம் நிறையும்.

இரண்டாம் நாள் கடலூர் வழியே பரங்கிப்பேட்டை. 1781இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் போர் நடந்த ஊர். இங்கே அல்வா வாங்க மறக்காதீர்கள். சிதம்பரத்தில் நடராசர் கோயில் நண்பகலில் சாத்தினால் மாலையில்தான் திறக்கும். எனவே அன்று மாலை கோயில், மறுநாள் காலை பிச்சாவரம் என்று வைத்துக்கொள்வது சரியாக இருக்கும். பிச்சாவரத்தில் துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் படகு குறுகலான கால்வாய்களுக்குள் நுழையாது. அங்கே நிற்கும் மரங்களில் ஒன்று தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்ததும், நடராசர் கோயிலின் தலமரமும் அதுவே. கிளையை ஒடிக்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். காலை உணவுக்கு இட்லியும் கொத்சும். கத்தரிக்காயை மசித்து, வறுத்தரைத்த மல்லி விதையும் புளியும் சேர்த்த குழம்பு அது. சம்பா சாதத்தோடு கிடைத்தால் இன்னும் மேல்.

மூன்றாம் நாள் தரங்கம்பாடிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கல்வெட்டில் சடங்கன்பாடி. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்ற டேனியர் (டென்மார்க் நாட்டவர்) டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாடு இந்த ஊரிலிருந்துதான் வெளிவந்தது. தமிழ் அச்சு வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தில், அவர் அடக்கமான இடத்தில், கொஞ்சநேரம் நிற்க வேண்டும்.

தங்கும் அறை விஷயத்தில் ஒரு சிக்கல். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதி அதை இணையத்தில் பதிய வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத சிறு லாட்ஜ்கள் கடைசி நேரத்தில் அறை இல்லை என்பார்கள். முன்பதிவின்போதே கடவுச்சீட்டு எந்த நாட்டினது என்று சொல்லிவிடுங்கள்.

நான்காம் நாள் நாகூர். தர்காவின் உயரமான மனோராவை (கோபுரத்தை)த் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்தார். வியாழன் மாலை கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடலாம். இறால் வைத்துப் பொரித்த வாடாவும், ரவையில் செய்யும் தம்ரூட்டும் இந்த ஊர்ச் சுவை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா; அந்த நாள்களில் இந்தச் சாலைப் பக்கமே வர வேண்டாம். வேதாரண்யம் தாண்டி அகஸ்தியம்பள்ளியில் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பை அள்ளிய இடம். அதற்கப்பால் கோடிக்கரை, வெளிமான் எப்போதும் உண்டு, பூநாரைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை வர வேண்டும்.

மீன் சாப்பிடுவதற்காகவே வருகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தவிர்க்கலாம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வஞ்சிரம் ஐஸ் பெட்டியிலிருந்து வரும், விலையும் ஏறியிருக்கும். மற்ற நாள்களிலும் மீனைப் பார்த்து, எடை போட்டு, விலை பேசிய பிறகே வறுக்கச் சொல்லுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். நான்குவழிப் பணி நடக்கும் இடங்களில் மாற்றுப்பாதை சேறாகிவிடும். இருட்டிய பின் ஓட்டாதீர்கள். பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, தை பாதியிலிருந்து மாசி முடிய வந்தால் மழையும் இருக்காது, வெயிலும் சுடாது, வலையும் நிறைந்திருக்கும்.