உண்ணி மாத்திரை, காலர், வலை: குமரி ஈரத்தில் எது எத்தனை நாள் தாங்குகிறது

குளிர்நாட்டுக்காரர்கள் பலர் நாய்க்கு உண்ணி மருந்தையும் கொசு மருந்தையும் கோடையில் தொடங்கிப் பனிக்காலத்தில் நிறுத்துவார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அந்தக் கணக்கு செல்லாது. ஆனி ஆடிச் சாரல் முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். கொசு மூலம் நாய்க்கு ஏறும் இதயப்புழுவின் இளம்புழு கொசுவின் உடலுக்குள் வளர 14 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். 27 டிகிரி இருந்தால் இரண்டே வாரத்துக்குள் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். நமக்கு மார்கழி இரவுகூட அதைத் தடுக்கும் அளவுக்குக் குளிராது. ஆகவே பன்னிரண்டு மாதமும் மருந்துதான். இதை ஒப்புக்கொள்ளாமல் எந்தப் பொருளை வாங்கினாலும் பாதிக் காசு வீண்.

முதலில் மாத்திரை. பிராவெக்டோவில் இருக்கும் ஃப்ளூராலனெர் 12 வாரம் நிற்கும். நெக்ஸ்கார்டு, சிம்பாரிகா மாதத்துக்கு ஒன்று. உண்ணியைக் கொல்வதில் இந்த வகையை மிஞ்ச இன்றைக்கு வேறில்லை. ஈரமும் குளியலும் இதைப் பாதிக்காது என்பது நம் ஊருக்குப் பெரிய அனுகூலம். ஃப்ளூராலனெரை வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. சோற்றோடுதான் கொடுக்க வேண்டும். எடையை நிதானமாகப் பாருங்கள்: நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். பெரிய மாத்திரையை வாங்கி இரண்டாக உடைத்து இரண்டு நாய்க்குக் கொடுப்பது பலரும் செய்யும் சிக்கனம். பாதியில் பாதி மருந்து இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

வளரும் குட்டிக்கு 12 வார மாத்திரை சரிப்பட்டு வருவதில்லை. 8 கிலோ லேப்ரடார் குட்டி ஒன்றரை மாதத்தில் 14 கிலோ ஆகிவிடும், 4.5 முதல் 10 கிலோ வரைக்கான மாத்திரை அதற்குப் போதாது. எடை நிலைக்கும் வரை மாத மாத்திரைதான் நல்லது. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு இந்த வகை மாத்திரையே மருத்துவர் பார்த்துச் சொன்னால்தான், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது.

இந்த மாத்திரைகள் உண்ணியை விரட்டாது. கடித்து ரத்தம் உறிஞ்சினால்தான் சாகும். கொடுத்த மறுநாள் நாய்மேல் உண்ணி ஊர்வதைக் கண்டு "டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். இரண்டு நாள் பொறுங்கள். உண்ணி பரப்பும் ரத்தக் கிருமியான பேபிசியா பரவ, உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், அதற்குள் மாத்திரை வேலையை முடித்துவிடும். இன்னொரு உண்ணிக் கிருமியான எர்லிகியா சில மணி நேரத்திலேயே இறங்கிவிடக்கூடும். மாத்திரை தவறாத நாய்க்கும் உண்ணிக்காய்ச்சல் எப்படி வந்தது என்பதற்குப் பல நேரம் இதுதான் விடை.

அதனால் சுவருக்கு வருவோம். பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது நாயின் மேல் அல்ல. வயிறு நிரம்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரேறி, இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். பூசாத கருங்கல் மதில், ஓட்டுக்கூரையின் கழுக்கோல், கதவு நிலை, நாய் படுக்கும் சாக்கின் மடிப்பு என்று டார்ச் அடித்துப் பார்த்தால் மிளகளவு சாம்பல் நிற உருண்டைகள் தெரியும். பக்கத்திலேயே கடுகைவிடச் சிறியவை ஊரும். அதுதான் அடுத்த தலைமுறை.

சாக்கை எரித்துவிடுங்கள். வெடிப்பைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். பிறகு டெல்டாமெத்ரின் கரைசலைக் குப்பியில் சொன்ன அளவில் கலந்து, தரையிலிருந்து கூரை விளிம்பு வரை அடியுங்கள். உண்ணி மேலே ஏறும் பூச்சி என்பதை மறந்து முழங்கால் உயரத்தோடு நிறுத்துவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. முட்டை இதில் சாகாது, பொரித்து வருவது சாகும். எனவே இரண்டு வார இடைவெளியில் குறைந்தது மூன்று முறை அடிக்க வேண்டும். நன்றாகக் காயும் வரை நாயும் பூனையும் உள்ளே போகக் கூடாது. தெளிப்பானைக் குளத்திலோ கிணற்றடியிலோ கழுவாதீர்கள். மீனுக்கு இது கொடிய விஷம்.

நாயின் உடம்பில் ஊற்றும் அமிட்ராஸ் மலிவு, இன்றும் வேலை செய்கிறது. 12.5 சதவீதக் கரைசல் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. துடைக்காமல், கழுவாமல் காய விட வேண்டும், அதுவரை நக்க விடக் கூடாது. கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள். குட்டிக்கும், சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும், புண் உள்ள தோலுக்கும் ஆகாது. குளித்த நாய் கிறங்கிப் படுத்து எழும்ப மறுத்தால் உடனே மருத்துவரிடம். வாழைக்கு அடிக்கும் மருந்தையும் புகையிலைத் தண்ணீரையும் நாய்மேல் ஊற்றுபவர்கள் இன்னும் விளைப்பக்கம் இருக்கிறார்கள்; உண்ணியோடு நாயும் போய்ச் சேரும்.

கையால் எடுக்கும்போது நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி, தலைப்பக்கம் பிடித்து நேராக மேலே இழுங்கள். தீக்குச்சியும் மண்ணெண்ணெயும் வேண்டாம். நகத்தில் வைத்து நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். காது மடலின் உள்பக்கம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலடி: இந்த நான்கிலும் தினமும் விரல் போனால் போதும்.

காலர் விஷயத்தில் ஏமாற்று அதிகம். பெட்டியில் மருந்தின் பெயரும் சதவீதமும் இல்லாத மூலிகைக் காலர் வெறும் வாசனை ரப்பர். டெல்டாமெத்ரின் 4 சதவீதக் காலர் உண்ணியோடு கொசுவையும் மணல் ஈயையும் விரட்டும். ஆனால் மருந்து தோலெங்கும் பரவ ஒரு வாரம் பிடிக்கும். இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டுக் கட்டி, மீதி வாலை வெட்டிவிடுங்கள், நாய் கடிக்கும். குளச்சல், முட்டம் பக்கம் தினமும் கடலில் இறங்கும் நாய்க்குப் பெட்டியில் போட்ட மாதக் கணக்கை நம்ப முடியாது. முதுகில் விடும் ஸ்பாட் ஆன் மருந்துக்கும் இதே பலவீனம் உண்டு. முடியைப் பிரித்துத் தோலில் விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. எண்ணெய் தேய்த்த உடம்பில் விடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்ததென்றால், பூனை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கொசுவுக்கு வலையும் தண்ணீரும்தான் பதில். பால் வெட்டாத நாளில் ரப்பர் மரத்துச் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். விழுந்து கிடக்கும் கமுகம்பாளை ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் குளம். வாரம் ஒருமுறை பொறுக்கினால் பகல்கொசு கண்கூடாகக் குறையும். கூட்டுக்கு இரும்பு வலை கடற்கரையில் சீக்கிரமே துருப்பிடித்து ஓட்டையாகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை ஒருமுறை செலவு. அடைத்த கூட்டுக்குள் கொசுவர்த்தி வைப்பதைவிட ஒரு சின்ன மின்விசிறி மேல்.

இதயப்புழுவுக்கு மாதம் ஒருமுறை மில்பெமைசின் அல்லது குறைந்த அளவு ஐவர்மெக்டின். உண்ணி மாத்திரை மட்டும் இதைத் தடுக்காது. நெக்ஸ்கார்டு ஸ்பெக்ட்ரா போன்ற கலவைதான் இரண்டையும் பார்க்கும். இந்த மருந்து அதற்கு முந்தைய சுமார் ஒரு மாதத்தில் ஏறிய இளம்புழுவைக் கொல்லும், இதயத்தில் குடியேறிய பெரிய புழுவை ஒன்றும் செய்யாது. ஏழு மாதத்துக்கு மேற்பட்ட நாய் என்றால் ரத்தம் பார்த்துவிட்டே தொடங்குங்கள். மாட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டின் ஊசியை அண்டை வீட்டார் போட்டுவிடுவது ஆபத்து. கோலி வகை நாய்க்கு உயிரே போகும்.

ரத்தப் பரிசோதனையில் நுண்புழு தெரிந்தது என்று யாராவது சொன்னால், எந்த இனம் என்று கேளுங்கள். தென்னிந்தியாவில் பெரும்பாலும் காண்பது தோலடியில் வாழும் டைரோஃபைலேரியா ரெபன்ஸ். இதயத்தில் வாழும் இமிட்டிஸுக்குத் தனி ஆன்டிஜன் பரிசோதனை உண்டு. தொற்றி ஆறேழு மாதம் ஆகும் முன் அதிலும் தெரியாது.

மீன் தலை போட்ட சோற்றையே முகர்ந்துவிட்டு நாய் திரும்பினால், அன்றே ஈறைப் பாருங்கள். வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் செம்புள்ளி, பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் சிறுநீர், இவற்றில் ஒன்று இருந்தாலும் தட்டணு எண்ணிக்கையும் காது நுனியில் எடுக்கும் ரத்தப் பூச்சுப் பரிசோதனையும் கேளுங்கள். எர்லிகியா என்றால் டாக்ஸிசைக்ளின் 28 நாள். ஐந்தாம் நாளே நாய் துள்ளுகிறதென்று நிறுத்தக் கூடாது. குணமான பிறகும் ஆன்டிபாடி கிட்டில் மாதக்கணக்கில் இரண்டாவது கோடு தெரியும். அந்தக் கோட்டை மட்டும் வைத்து மறுபடி மாத்திரை தொடங்காமல், தட்டணு எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள்.