எண்ணூர் கழிமுகத்துக்கு எது: அவுட்போர்டா, லாங் டெயிலா?

கொடுவா பிடிக்க ஃபைபர் படகு வாங்கியாயிற்று, சரி. எஞ்சின்? காசிமேட்டில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும்.

அவுட்போர்டு என்றால் படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்; ஓடும்போது வெளித்தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பெட்ரோல் அவுட்போர்டில் சத்தம் குறைவு. கூச்சமுள்ள கொடுவாவை நெருங்க அது பெரிய வசதி. ஆனால் உப்புத்தண்ணீர் அதற்கு எமன். கரையேறியதும் நல்ல தண்ணீரை உள்ளே ஓடவிட்டுக் கழுவியாக வேண்டும். கொசஸ்தலை ஆற்றுச் சேறும் அனல்மின் நிலையச் சாம்பலும் படிந்த இடத்தில் ஓட்டினால் தண்ணீர் பம்பின் ரப்பர் சீக்கிரம் தேயும். பின்பக்கம் பீச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். நான் “இன்னும் பத்து நிமிஷம்தானே” என்று ஓட்டி, எஞ்சினைச் சூடேற்றி, துடுப்புப் போட்டுக் கரைசேர்ந்தேன். கியர் ஆயிலையும் அவ்வப்போது வடித்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் இறங்கிவிட்டது.

லாங் டெயில் என்றால் நீளமான தண்டின் நுனியில் விசிறி சுழலும் எஞ்சின். காற்றிலேயே குளிரும் லாங் டெயில் டீசலில் இந்தப் பம்புத் தொல்லை இல்லை. ஆழமில்லாத இடத்தில் தண்டைத் தூக்கிப் பிடித்தே ஓட்டலாம். ரிப்பேருக்கும் கரையிலேயே ஆள் உண்டு. ஆனால் தடதடவென்ற அதிர்வில் கை மரத்துப்போகும், போல்ட் தளரும். தினமும் ஸ்பேனர் பிடிக்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்ததே, அப்படியான தண்ணீரை உறிஞ்சும் எஞ்சினை நம்ப எனக்கு மனம் வரவில்லை. பிழைப்புக்கு லாங் டெயில்தான். ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிலுக்கு மட்டும் என்றால் அவுட்போர்டு வாங்குங்கள், கூடவே ஒரு துடுப்பும்.