ஜெர்மனில படிக்கப் போறீங்களா: வோன்ஹைமா, வேகேயா, நம்மாளுங்க ஃபிளாட்டா?

அட்மிஷன் லெட்டர் வந்ததும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி வாடகை எவ்ளோங்கிறதுதான். கேக்க வேண்டிய கேள்விதான், 2024 செப்டம்பர்லேர்ந்து பிளாக்டு அக்கவுண்ட்ல (விசாவுக்காக காசைப் போட்டு பூட்டி வெக்குற பேங்க் கணக்கு) வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், அதுலேர்ந்து மாசம் 992 யூரோதான் கைக்கு வரும், வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாத்தையும் அதுக்குள்ளதான் முடிக்கணும். ஆனா ஜெர்மன் பேச வரணும், படிப்பு முடிஞ்சு அங்கேயே வேலை தேடணும்னு நினைக்கிறவங்க வாடகையோட சேத்து இன்னொண்ணும் கேக்கணும். அந்த வீட்டு கிச்சன்ல என்ன பாஷை ஓடுது? வீடு தேடுறவங்க இதை கேட்டு நான் பாத்ததே இல்ல, ஆனா வகுப்புக்கு ஃபீஸ் கட்டி படிக்கிற ஜெர்மனை விட இங்க தினமும் சும்மா காதுல விழுற ஜெர்மன்தான் ஜாஸ்தி, அதனால வோன்ஹைம் (மாணவர் விடுதி), வேகே (பல பேர் சேந்து எடுக்கிற ஃபிளாட்), நம்மாளுங்க ஃபிளாட்னு மூணு வழியையும் நான் இதை வெச்சுதான் அளக்கப் போறேன்.

முதல்ல வோன்ஹைம். ஊரு ஊருக்கு இருக்கிற ஸ்டுடீரெண்டன்வெர்க் நடத்துற மாணவர் விடுதி. விடுதின்னதும் வார்டன், மெஸ், ராத்திரி அட்டெண்டன்ஸ்னு கற்பனை பண்ணிடாதீங்க, அதெல்லாம் கிடையாது, சாவி உங்க கைல. கட்டில், மேசை, ஹீட்டிங், பெரும்பாலும் இன்டர்நெட்டும் வாடகைக்குள்ளயே அடங்கிடும், ஊரைப் பொறுத்து சுமாரா 250லேர்ந்து 400 யூரோ. சிக்கல் வெயிட்டிங் லிஸ்ட்தான். மியூனிக், ஸ்டுட்கார்ட், ஃபிராங்க்ஃபர்ட் மாதிரி ஊர்ல செமஸ்டர் கணக்குல காத்திருக்கணும், கெம்னிட்ஸ், மாக்டபுர்க் மாதிரி கிழக்குப் பக்க ஊர்ல ரூம் சுலபமா கிடைக்கும். அட்மிஷன் வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, முன்னாடியே அப்ளை பண்ண விடுற இடத்துல உடனே பண்ணிடுங்க.

வோன்ஹைம்லயே ரெண்டு வகை இருக்கு, நம்ம பசங்க இதை கவனிக்கிறதில்ல. ஒண்ணு தனி அபார்ட்மெண்ட், உள்ளயே குட்டி கிச்சன், பாத்ரூம். இன்னொண்ணு காரிடார் வகை, வரிசையா ரூம், கடைசில எல்லாருக்கும் பொதுவா ஒரு கிச்சன். எல்லாரும் முதல் வகைக்குத்தான் அடிச்சுக்கிறாங்க. பாஷைன்னு பாத்தா அது மூணு வழியையும் விட மோசம், கதவை சாத்தினா அடுத்த நாள் கிளாஸ் வரைக்கும் யாரோடயும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல, டிசம்பர்ல நாலரை மணிக்கே இருட்டிடுற ஊர்ல அது மனசுக்கும் நல்லதில்ல. காரிடார் கிச்சன்ல வெங்காயம் நறுக்கிட்டு நின்னா பக்கத்துல ஒருத்தன் வந்து என்ன செய்றேன்னு கேப்பான், அங்கேர்ந்து ஆரம்பிக்கும். ஒரே குறை, வெளிநாட்டு மாணவர்களை ஒரே மாடில போட்டுட்டா அந்த கிச்சனோட பொதுமொழி இங்கிலீஷ் ஆயிடும். இன்னொரு வேடிக்கை, ரேடியோ டிவி கட்டணம்னு மாசம் 18.36 யூரோ இருக்கு, டிவி இல்லாட்டியும் வீட்டுக்கு ஒண்ணு கட்டியே ஆகணும், பொது காரிடார்ல கதவு திறக்குற ரூமை தனி வீடாத்தான் கணக்கு வெப்பாங்க, அதனால தலைக்கு ஒரு முழு கட்டணம். வேகேல நாலு பேர் இருந்தா ஆளுக்கு 4.59தான்.

சரி, வேகே. நாலஞ்சு பேர் ஒரு ஃபிளாட்டை எடுத்து ஆளுக்கொரு ரூமும் பொதுவா ஒரு கிச்சனுமா இருக்கிறது. உள்ள போயிட்டா பாஷைக்கு இதை விட நல்ல இடம் இல்ல, உள்ள போறதுதான் கஷ்டம். வேகே-கெசூக்ட் மாதிரி தளத்துல விளம்பரம் போட்ட ஒரு மணி நேரத்துல மெசேஜ் குவிஞ்சிடும், அதுல "ஹாய், ஐ ஆம் இன்ட்ரஸ்டட்"னு ஒரு வரி அனுப்பினா திறந்து கூட பாக்க மாட்டாங்க. சிலர் விளம்பரத்துக்கு நடுவுல ஒரு சம்பந்தமில்லாத வார்த்தையை ஒளிச்சு வெச்சு, மெசேஜை இந்த வார்த்தைல ஆரம்பின்னு எழுதியிருப்பாங்க, முழுசா படிச்சீங்களான்னு பாக்கத்தான். தப்பும் தவறுமா இருந்தாலும் ஜெர்மன்லயே எழுதுங்க, நீங்க என்ன படிக்கிறீங்க, வார கடைசில என்ன செய்வீங்க, என்ன சமைப்பீங்கன்னு ஒரு மனுஷன் தெரியுற மாதிரி. அப்புறம் காஸ்டிங், அதாவது கிச்சன் மேசைல உக்கார வெச்சு காபி குடுத்துட்டு எல்லாருமா உங்களை எடை போடுறது, பொண்ணு பாக்குற மாதிரிதான், என்ன, இங்க நீங்கதான் பொண்ணு. ஊர்லேர்ந்து தேடுறவங்களுக்கு வீடியோ கால்ல நடக்கும். நிறைய தடவை நோ வரும், அதை பெருசா எடுத்துக்காதீங்க.

உள்ள போனப்புறம் பாஷை வர்றது சண்டைலதான். இந்த வாரம் பாத்ரூம் யார் கழுவணும்னு சுவத்துல ஒட்டின அட்டவணை, பேப்பர் குப்பைல பிளாஸ்டிக்கை போட்டது யாரு, ராத்திரி பத்து மணிக்கு மேல மிக்சி ஓடலாமா (கூடாது, ஞாயித்துக்கிழமை பகல்லயும் யோசிச்சு ஓட்டுங்க), காலி பாட்டிலையெல்லாம் கடைல குடுத்து பாட்டிலுக்கு 25 சென்ட் வரைக்கும் வாங்கிட்டு வரப் போறது யாரு. இதுக்கெல்லாம் வாயைத் திறந்துதான் ஆகணும், புத்தகத்துல மனப்பாடம் பண்ணின வாக்கியம் ஒண்ணும் உதவாது. ஆனா ரெண்டு விஷயம். எல்லா வேகேயும் இப்படி இல்ல, ட்ஸ்வெக்-வேகேன்னு ஒரு ரகம் உண்டு, செலவை பங்கு போட மட்டும் சேந்து இருப்பாங்க, பாத்தா ஹலோ, அவ்ளோதான், அங்க போறதும் தனி அபார்ட்மெண்ட்ல இருக்கிறதும் ஒண்ணுதான். இன்னொண்ணு, நீங்க ஒரு வார்த்தைக்கு தடுமாறினா அவங்க உடனே இங்கிலீஷுக்கு தாவிடுவாங்க, நல்ல மனசோடதான், ஆனா உங்களுக்கு நஷ்டம். குடி போன முதல் நாளே, நான் மெதுவா பேசினாலும் ஜெர்மன்லயே பேசுங்கன்னு கேட்டு வெச்சுடுங்க, ஒரு மாசம் இங்கிலீஷ்ல பழகிட்டா அப்புறம் மாத்துறது ரொம்ப கஷ்டம்.

டெபாசிட் பத்தி ஒரு வரி, சட்டப்படி அதிகபட்சம் மூணு மாச அடிப்படை வாடகைதான் (ஹீட்டிங், தண்ணி செலவு சேராதது) கேக்கலாம், அதையும் மூணு தவணையா கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. நான் வெளிநாட்டுல இருக்கேன், காசு அனுப்பு, சாவியை தபால்ல அனுப்புறேன்னு எவனாவது சொன்னா பேச்சை அங்கேயே நிறுத்திடுங்க, சுத்த ஃபிராடு.

மூணாவது, நம்மாளுங்க ஃபிளாட். இதை கேவலமா பேசுறவங்களோட எனக்கு ஒத்து வராது. இறங்கின முதல் மாசத்துல சிம் கார்டு, பேங்க், விசா ஆபீஸ் அப்பாயிண்ட்மெண்ட்னு தலை சுத்தும்போது "டேய், இந்த ஃபார்ம்ல இங்க கையெழுத்து போடு, அதை விட்டுடு"ன்னு சொல்ல ஒரு அண்ணனோ அக்காவோ இருக்கிறது எவ்ளோ பெரிய நிம்மதின்னு போனவங்களுக்குத்தான் தெரியும். ரசம் வெச்சா யாரும் மூக்கை சுளிக்க மாட்டாங்க. பிரச்சனை என்னன்னா அந்த சுகம் விடாது. கோர்ஸ் இங்கிலீஷ்ல, வீடு தமிழ்ல, பார்ட் டைம் வேலையும் நம்மாளுங்க கூடன்னா ஜெர்மனுக்கு நாள்ல இடமே இல்ல, படிப்பு முடியப் போற நேரத்துலயும் பேக்கரில விரலை நீட்டி ரொட்டி வாங்குறவங்க இருக்காங்க. இன்னொண்ணு, குடி வந்து ரெண்டு வாரத்துக்குள்ள முகவரியை பதிவு பண்ணணும், அதுக்கு வீடு குடுத்தவர் கையெழுத்து போட்ட பேப்பர் வேணும். ஃபிளாட்ல ஏற்கனவே ஆள் நிறைஞ்சிருந்தா, தங்கிக்கோ ஆனா பதிவு மட்டும் வேணாம்பாங்க. அப்படின்னா போகாதீங்க. வரி நம்பர் அந்த முகவரிக்குத்தான் தபால்ல வரும், விசா நீட்டிப்பும் அதை வெச்சுதான்.

அதிகம் பேருக்கு தெரியாத நாலாவது ஒண்ணும் இருக்கு, கொலோன், ஃபிரைபுர்க், மியூனிக் மாதிரி ஊர்கள்ல. பெரியவங்க வீட்டுல ஒரு ரூம், வாடகைக்கு பதிலா உதவி, ஒரு சதுர மீட்டருக்கு மாசம் ஒரு மணி நேரம்னு பொதுவான கணக்கு, கரண்ட், தண்ணி, ஹீட்டிங் செலவு மட்டும் நீங்க குடுக்கணும். 15 சதுர மீட்டர் ரூம்னா மாசம் 15 மணி நேரம் தோட்ட வேலை, கடைக்கு போறது, கூட உக்காந்து பேசுறது. நோயாளியை பாத்துக்கிற வேலை இதுல சேராது. பேச ஆள் கிடைச்சா தாத்தா பாட்டிங்க நிறுத்த மாட்டாங்க, அதுவும் இங்கிலீஷுக்கு தாவ மாட்டாங்க! வட்டார வழக்கு கொஞ்சம் குழப்பும், ஆரம்பத்துல பாதி புரியாது. அடிப்படை ஜெர்மன் இல்லாம இதுக்கு போறது வீண்.

கிச்சன் ஜெர்மன் வந்துட்டா யூனிவர்சிட்டி ஜெர்மன் தானா வந்துடும்னு மட்டும் நினைக்காதீங்க. லெக்சர், வீட்டுல எழுதிக் குடுக்குற பேப்பர், செமினார்ல எதிர்த்து பேசுறது எல்லாம் வேற ரகம், யூனிவர்சிட்டில சேர எழுதுற டிஎஸ்ஹெச், டெஸ்ட்டாஃப் ஜெர்மன் பரீட்சையும் அந்த ரகம்தான், அதுக்கு கூடப் படிக்கிறவங்களோட குரூப்பா உக்காந்தாத்தான் வழி. வீடு குடுக்கிறது கூச்சம் போன வாய் மட்டும்தான். ஆனா அந்த வாய் இல்லாம எந்த குரூப்புலயும் சேர முடியாதுங்கிறதும் உண்மை.

என்னைக் கேட்டா, முழுக்க ஜெர்மன்ல படிக்கப் போறவங்க காரிடார் வோன்ஹைமுக்கும் வேகேக்கும் ஒரே நேரத்துல முயற்சி பண்ணுங்க, எது முதல்ல வருதோ அது. இங்கிலீஷ் மாஸ்டர்ஸ், ஜெர்மன் ஏ1 (ஆரம்ப நிலை) கூட முடிக்கலைன்னா முதல் செமஸ்டர் நம்மாளுங்க கூட இருக்கிறதுல தப்பில்ல, ஆனா போகும்போதே வெளிய வர்ற மாசத்தை முடிவு பண்ணிக்கோங்க. குளிர்கால செமஸ்டர் பெரும்பாலான யூனிவர்சிட்டில அக்டோபர் 1ல ஆரம்பிக்குது, அந்த நேரத்துல ஊரே ரூம் தேடும். பிப்ரவரி, மார்ச்ல கூட்டம் கம்மி, எக்ஸ்சேஞ்சுக்கு போறவங்க நாலஞ்சு மாசத்துக்கு ரூமை உள்வாடகைக்கு விடுவாங்க, அந்த மாதிரி ஒண்ணுல புகுந்துட்டா வேகே உங்களுக்கு ஒத்து வருதான்னும் பெரிய செலவில்லாம தெரிஞ்சிடும்.